இடைச்சுவரை நகர்த்துதல்

கண்டியிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருவீதியில், சில மைல் தொலைவில் அமைந்திருப்பது பிலிமத்தலாவை. அதன் அயலிலே பாறைமீது எழுந்து நிற்கிறது லங்காதிலக விகாரை. நான்காம் புவனேகபாகு மன்னன் காலத்தில், 1344ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற அக்கட்டடத்தின் ஒருபுறம் புத்தர் படிமம் உள்ளது. மறுபுறம் திருமால், விபீடணர், கணபதி, கந்தன் முதலிய தெய்வங்களுக்குரிய தேவாலயம் உள்ளது. கட்டடம் ஒன்று, வாயில்கள் இரண்டு. நடுவே நிற்கும் சுவரை நகர்த்தவேண்டிய தேவை இத்தனை நூற்றாண்டுகளில் எவருக்கும் நேர்ந்ததில்லை.

வீட்டுக் கணினியின் உள்ளேயும் அத்தகைய சுவர் ஒன்று உண்டு. ஆனால் அதனை நகர்த்தவேண்டிய தேவை அடிக்கடி நேர்கிறது. பிலிமத்தலாவையில் ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளலாம். தந்தை பித்தளைப் பொருள் வாணிபம் செய்பவர். அவருடைய கணக்குகள் கணினியில் உள்ளன. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளின் பாடக்குறிப்புகளும் அதிலேயே உள்ளன. மறைந்த பாட்டியின் நிழற்படங்களும் அங்கேதான். ஒருநாள், 'சி' என்னும் பகுதியில் இடமில்லை என்று கணினி அறிவிக்கிறது. 'டி' என்னும் பகுதியிலோ பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது. ஒரு வீட்டில் ஓர் அறை நெருக்கடி, மற்றோர் அறை வெறுமை. சுவரைச் சற்றே தள்ளினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. தள்ளலாம். ஆயினும் அதற்கு ஒரு முறை உண்டு.

வன்தட்டு என்பது கணினியின் களஞ்சியம். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியில் 50 தட்டுக்கள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து தாங்கியவை ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களே. 1983இல் அதே நிறுவனத்தின் மேசைக் கணினியில் வந்த வன்தட்டு 10 மெகாபைட் கொண்டது. இன்றைய ஒரு சில நிழற்படங்களுக்கே அது போதாது. களஞ்சியம் பெருகியபோது அதனைப் பகுதிகளாகத் தடுத்து, கணினியை இயக்கும் செயலிகளை ஒன்றிலும் குடும்பத்தின் ஆவணங்களை மற்றொன்றிலும் வைக்கும் வழக்கம் பரவியது.

இதன் அமைப்பை அறிய மலையகத்தார்க்கு லயமே நல்ல உவமை. லயத்தில் காம்பராக்கள் ஒரே வரிசையில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. எந்தக் காம்பரா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் கூறும் பதிவேடு ஒன்று வன்தட்டின் முகப்பிலே உண்டு. ஒவ்வொரு காம்பராவினுள்ளும், எந்தப் பொருள் எந்த மூலையில் உள்ளது என்பதைக் கூறும் அட்டவணை தனியாக உண்டு. சுவர் நகரும்போது பதிவேடும் மாறவேண்டும், அட்டவணையும் மாறவேண்டும். ஒன்று மாறி மற்றொன்று மாறாமல் வேலை இடையில் நின்றுவிட்டால், பொருள்கள் உள்ளே இருக்கும். இருக்குமிடத்தைக் கணினி அறியாது.

ஆகவே முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி, சுவரை நகர்த்தத்தான் வேண்டுமா என்பது. குப்பைத்தொட்டியை வெறிதாக்குதல், பயன்படாத செயலிகளை நீக்குதல், 'சி' பகுதியிற் குவிந்த நிழற்படங்களை 'டி' பகுதிக்கு மாற்றுதல் ஆகியவற்றாலேயே பல வீடுகளில் நெருக்கடி தீர்ந்துவிடும். அவை போதாதபோதுதான் அடுத்த வழியை நாடவேண்டும்.

நாடுவதற்கு முன் மூன்று ஆயத்தங்கள் வேண்டும். முதலாவது, முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வெளியே மற்றொரு வன்தட்டில் படியெடுத்தல். படியெடுத்ததும் நிறுத்திவிடாமல், அவ்வன்தட்டை வேறொரு கணினியிற் பொருத்திச் சில கோப்புகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி, எண்ணிப் பாராத பணத்தை ஒக்கும். இரண்டாவது, வன்தட்டின் நலத்தைச் சோதித்தல். விண்டோஸ் முறைமையில் இதற்கெனப் பிழை தேடும் கருவி உண்டு. தட்டு 'டிக், டிக்' என்று ஒலிக்குமாயின், அல்லது கோப்புகள் திறக்கத் தாமதிக்குமாயின், அது நோயுற்ற தட்டாயிருக்கலாம். அதிற் சுவர் நகர்த்தும் வேலை கூடாது. படியெடுத்துக்கொண்டு புதிய தட்டு வாங்குவதே அறிவு. மூன்றாவது, பிட்லொக்கர் என்னும் பூட்டு இடப்பட்ட கணினியாயின், அதன் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் கடதாசியில் எழுதிவைத்து, வேலை முடியும்வரை அப்பூட்டை நிறுத்திவைத்தல்.

இனி வேலை. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா முதல், பகுதிகளைச் சுருக்கவும் விரிக்கவும் வல்ல கருவி விண்டோஸிலேயே அமைந்துள்ளது. 'டிஸ்க் மனேஜ்மன்ட்' என்பது அதன் பெயர். ஆனால் அதற்கு இரு வரம்புகள் உள்ளன. ஒரு பகுதியைச் சுருக்கினால், வெற்றிடம் அதன் வலப்புற முடிவிலேதான் பிறக்கும். ஒரு பகுதியை விரிக்கவேண்டுமாயின், அதற்கு வலப்புறத்தே ஒட்டியபடி வெற்றிடம் இருத்தல் வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுவே. 'டி' பகுதியைச் சுருக்குகின்றனர், வெற்றிடம் தோன்றுகிறது, ஆயினும் 'சி' விரிய மறுக்கிறது. லயத்தின் கடைக்கோடியில் ஒரு மூலை வெறுமையானால் முதற் காம்பராக்காரருக்கு என்ன பயன்? இடையில் 'டி' நிற்கிறதன்றோ!

இதற்கு வழிகள் இரண்டு. முதல் வழியில், 'டி' பகுதியின் பொருள்கள் அனைத்தையும் வெளியேற்றி, அப்பகுதியையே நீக்கி, 'சி' பகுதியை வேண்டிய அளவு விரித்து, எஞ்சிய இடத்தில் புதிய 'டி' பகுதியை அமைத்துப் பொருள்களை மீளக் குடியேற்றலாம். இரண்டாம் வழியில், ஜிபார்ட்டெட் போன்ற இலவசச் செயலியைக் கொண்டு 'டி' பகுதியின் தொடக்கத்தையே வலப்புறம் நகர்த்தலாம். அதற்கு முன் விண்டோஸ் உறக்கநிலையில் இராமல் முற்றாக அணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வழியில் 'டி' பகுதியிலுள்ள பொருள்கள் இடம்பெயர்க்கப்படுவதால் வேலை பல மணி நேரம் நீளலாம். 'சி', 'டி' இரண்டுக்கும் நடுவே மீட்புப் பகுதி என்னும் சிறு பகுதி நிற்குமாயின், கணினியைச் சீராக்க வேறு வழி கையில் இல்லாமல் அதனை நீக்குதல் ஆகாது.

முதல் வழி எளிது. ஆயினும் அதில் நுண்ணிய ஆபத்து ஒன்று மறைந்திருக்கிறது. 'டி' நீக்கப்படும் அக்கணத்திலேயே, படி என்று எடுத்துவைத்தது படியாக இல்லாமற் போகிறது; அதுவே மூலமாகிவிடுகிறது. பாட்டியின் முகம் அப்போது உலகில் ஒரே ஓரிடத்தில்தான் இருக்கும். அந்த வெளி வன்தட்டு கைதவறி விழுந்தால் முடிந்தது. ஆதலின் நீக்குமுன் படிகள் இரண்டாதல் வேண்டும். அவை வெவ்வேறு இடங்களில் இருத்தல் வேண்டும். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பிற இடங்களிற் படியிருந்த நூல்களைப் பின்னர் தேடிப் பெற முடிந்தது; படியில்லாத ஏடுகள் மீளவேயில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிமத் திட்டம் ஈழத்து நூல்களைப் படியெடுத்துக் காத்துவருவதன் அருமை இதனாற் புலனாகும். குடும்பத்தின் சிறு களஞ்சியத்துக்கும் நியதி அதுவே.

மற்றோர் எதிரி மின்தடை. 2022 மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு நிலவியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததனால் நாடே இருளில் மூழ்கியதாக அமைச்சர் தெரிவித்தார். சுவர் நகரும் வேளையில் மின்சாரம் நின்றால், முன்னர்க் கூறிய பதிவேடும் அட்டவணையும் முரண்பட்டு நிற்கும். எனவே மடிக்கணினியாயின் மின்கலம் நிறைந்திருக்க, மின்னிணைப்பும் இருத்தல் வேண்டும். மேசைக் கணினியாயின் யூ.பி.எஸ். வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கண்டிப் பகுதியிற் பிற்பகல் இடிமழை பெரிது. அக்காலங்களிற் காலைப் பொழுதே இவ்வேலைக்கு உகந்தது. தொடங்கிய வேலையை, மெதுவாக நடக்கிறதென்று இடையில் நிறுத்துதலும் ஆகாது.

இவ்வளவும் செய்து பிழை நேர்ந்தால், பதறுதல் கூடாது. இப்பகுதியை வடிவமைக்கவா என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்பதே விடை. அத்தட்டில் எதனையும் புதிதாக எழுதாமல் நிறுத்திவிட்டால், டெஸ்ட்டிஸ்க் போன்ற செயலிகளால், மறைந்த பிரிவுகளைத் தேடி மீட்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. மேலெழுதப்பட்டதை மீட்பது அரிது.

வேலை முடிந்தபின் நிழற்படங்களையும் கணக்குகளையும் பாடக்குறிப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மனநிறைவு கொண்ட பின்னரும், படிகளை உடனே அழித்துவிடலாகாது. அடுத்த முறை சுவரை நகர்த்த நேர்ந்தாலும் நேராவிட்டாலும், அவை இருக்கட்டும். கணினி பழுதாகும் நாளை எவரும் முன்னறிந்து சொல்வதில்லை.