மீன்தொட்டியின் வழிவுக் குழாயும் அதன் இரைச்சலைத் தணிக்கும் முறையும்

கரவெட்டியிலும் அதனைச் சூழ்ந்த வடமராட்சி ஊர்களிலும் நெல்லும் மரக்கறியும் பயிரிடும் கமக்காரர், அலங்கார மீன்களை வீட்டோடு வளர்த்து மேலும் ஒரு சிறு வருவாய் பெறலாம். நமது கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவதாற் கடினத்தன்மை மிக்கது. கப்பி, மொலி ஆகிய மீன்களுக்கு இத்தகைய நீர் நன்கு ஒத்துவரும். இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களுள் கப்பிக்கு முக்கிய இடமுண்டு.

வற்றாத ஆறு எதுவும் இல்லாத குடாநாட்டிலே தொட்டி நீரை அடிக்கடி இறைத்துக் கொட்டுதல் தகாது. மேலே மீன்தொட்டியும் கீழே வடிதொட்டியும் அமைத்து, ஒரே நீரைச் சுழலவிடுதல் சிறந்தது. மீன்தொட்டியில் மிகும் நீர் குழாய் வழியே கீழிறங்கி, வடிதொட்டியில் தெளிவடையும். சிறு மோட்டர் அதனை மீண்டும் மேலேற்றும். கீழிறங்கும் இக்குழாயே வழிவுக் குழாய். நிரம்பிய குளம் வான் பாய்வது போன்றதே இதன் தொழில்.

இரைச்சல் எழுவதன் காரணம்

வெறுங் குழாயொன்றை நிறுத்தினால் நீரோடு காற்றும் உள்ளே இழுபடும். இரண்டும் ஒரே வழியில் முட்டிச் செல்வதாற் ‘கடகட’வென்ற ஓசை எழும். நீர்மட்டம் உயர்ந்து குழாயின் வாயை மூடியதும், குழாய் நிறைந்து நீரை வேகமாக உறிஞ்சும். மட்டம் தாழ்ந்ததும் காற்றுப் புகுந்து அவ்வோட்டம் அறும். இது மாறி மாறி நிகழும்.

இரவில் உறக்கம் கெடுகின்றதென்று சிலர் குழாயின் வாயிலே துணியை அடைப்பர். இது பெருங்கேடு. மேல்தொட்டி வழிந்தோடும், கீழ்த்தொட்டி வற்றி மோட்டர் பழுதாகும், மீன்களும் மடியும். ஓசையைத் தணிப்பதென்பது வழியை அடைப்பதன்று. நீருக்கும் காற்றுக்கும் வெவ்வேறு வழி விடுவதேயாகும்.

முதலாம் முறை: ஒற்றைக் குழாய்

1½ அங்குலக் குழாயின் தலையில் ‘டீ’ இணைப்பைப் பொருத்துக. அதன் பக்கவாயில் ஒரு ‘எல்போ’வைக் கீழ்நோக்கி மாட்டுக, அதன் வாய் நீருள் அமிழ்ந்திருத்தல் வேண்டும். மேல்வாயை மூடியால் அடைத்து, மூடியில் 1/8 அங்குலத் துளையிடுக. ஓட்டம் அறுந்து அறுந்து நிகழுமாயின் துளையைச் சிறிது சிறிதாகப் பெருப்பித்து, ஓசை அடங்கியதும் நிறுத்துக. நீர் குழாயின் சுவரைப் பற்றி இறங்க, காற்று துளைவழியே வந்து சேரும்.

இரண்டாம் முறை: இரட்டைக் குழாய்

ஓசை ஏறக்குறைய முற்றாக அடங்க வேண்டுமாயின் இம்முறையே ஏற்றது. முதற் குழாயின் வாய் நீருள் அமிழ்ந்திருக்க, அதன் கீழ்ப்பகுதியில் ஒரு கேற் வால்வைப் பொருத்துக. இக்குழாயின் கீழ்நுனி வடிதொட்டி நீரில் 1 அங்குலம் மட்டும் அமிழ்ந்திருத்தல் போதும். ஆழமாக அமிழ்ந்தால், தொடக்கத்தில் உள்ளிருக்கும் காற்று வெளியேற மாட்டாது. இரண்டாங் குழாயின் வாயை வழக்கமான நீர்மட்டத்தின் அளவில் வைக்குக. இதற்கு வால்வு ஆகாது.

வால்வை முழுதாகத் திறந்து மோட்டரை இயக்கி, பின்னர் மெல்ல மெல்லச் சுருக்குக. உறிஞ்சும் ஓசை நின்று, இரண்டாங் குழாயில் நூல்போல நீர் இறங்கும்போது சுருக்குவதை நிறுத்துக. முதற் குழாயில் நீர் மட்டுமே செல்வதால் ஓசை எழாது. அது அடைபட்டாலும் இரண்டாங் குழாய் தொட்டியைக் காக்கும்.

மீன் விடுமுன் செய்யவேண்டிய சோதனைகள்

1. வால்வை முற்றாக மூடுக. இரண்டாங் குழாய் தனித்தே முழு நீரையும் கொள்ளல் வேண்டும்.

2. மோட்டரை நிறுத்துக. மின்தடையின்போதும் இதுவே நிகழும். 4 அடி நீளமும் 2 அடி அகலமுமுள்ள தொட்டியில் 1 அங்குல நீர் ஏறக்குறைய 19 லீற்றராகும். கீழிறங்கும் நீரனைத்தையும் தாங்க வடிதொட்டியில் இடம் விடுக.

3. மோட்டர் நின்றதும் மேலேற்றும் குழாய்வழியே நீர் பின்னோக்கி இழுபடக்கூடும். அக்குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையிடின், மட்டம் தாழ்ந்ததும் காற்றுப் புகுந்து அதனை நிறுத்தும்.

பராமரிப்பு

நமது நீரிலுள்ள சுண்ணாம்பு படிந்து காற்றுத் துளைகள் அடைபடும். அடங்கிய ஓசை மீண்டும் எழுவது இதற்கோர் அறிகுறி. மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ ஊறவைத்து, நன்கு கழுவி மாட்டுக. குஞ்சுகள் இழுபடாதிருக்க, குழாயின் வாயைச் சுற்றி அகலமான வலைக்கூடு அமைத்து, அதனை வாரந்தோறும் துலக்குக. குழாயின் வாயிலே நேராக வலையை இறுக்கிக் கட்டுதல் ஆகாது.

வடிதொட்டியில் தங்கும் கழிவு நீரை வீணாக்காது மரக்கறிப் பாத்திகளுக்கு விடுக. அதில் தழைச்சத்து உண்டு; அதற்கேற்ப யூரியாவைக் குறைத்தால் செலவும் குறையும், கிணற்று நீரில் நைத்திரேற்றுச் சேர்வதும் குறையும். ஆயினும், உப்போ மருந்தோ கலந்த நீரைப் பயிருக்கு விடலாகாது.

மேலதிக விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.