கூடைக்குத் தெரியுமா உள்ளே இருப்பது?

2018-19இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியலில் சி++ மொழியும், அடுத்த கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இடம்பெற்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர் இடறும் இடம் ஒன்று உண்டு. பைத்தானில் எண்கள் கொண்ட லிஸ்ட், பெயர்கள் கொண்ட லிஸ்ட் இரண்டின் தரவினத்தையும் ‘டைப்’ செயற்கூறு மூலம் கேட்டால், ‘லிஸ்ட்’ என்ற ஒரே விடைதான் வருகிறது. அப்படியானால் உள்ளே இருப்பது எண்ணா, பெயரா என்று கணினிக்குத் தெரியாதா? ‘தெரியாது’ என்று சொல்லி நகர்ந்தால், மாணவர் பின்னாளில் சி++ வார்ப்புருக்களையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார்.

அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு வயர்க்கூடை கொண்டு போகிறோம். கூடை வெறும் கூடைதான். தக்காளியும் கத்தரிக்காயும் தத்தம் அடையாளத்தைத் தாமே காட்டுகின்றன. பைத்தான் லிஸ்ட் இந்த வயர்க்கூடை. ஒவ்வோர் உறுப்பும் தன் இனத்தைத் தன்னோடு சுமக்கிறது; உறுப்பைக் கேட்டால் விடை கிடைக்கும், கூடையைக் கேட்டால் கிடைக்காது.

சி++இல் நேர்மாறு. வெக்டர் என்பது அச்சு மட்டுமே. இன்ட் வெக்டர், டபுள் வெக்டர் என்று நாம் எழுதும்போது நிரல்பெயர்ப்பி அந்த அச்சிலிருந்து இரண்டு தனி இனங்களை வார்க்கிறது. உள்ளே இருக்கும் எண்களுக்கு முத்திரை ஏதும் இல்லை. அவை நினைவகத்தில் வெறும் பிட்டுகள். ‘டைப்ஐடி’ கொண்டு ஒப்பிட்டால் இரண்டு வெக்டர்களும் வேறு என்று வரும். இந்த விடையை நிரல்பெயர்ப்பியே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறது. மெய்நிகர் செயற்கூறு உள்ள இனக்குழுவின் பொருளைச் சுட்டு வழியாகக் கேட்கும்போதுதான் இயக்க நேரத்தில் தேடல் நடக்கிறது. பல்லுருவாக்கப் பாடத்தோடு இதைச் சேர்த்துச் சொல்லலாம். (ஜி++இல் இன்ட் இனத்தின் பெயரை அச்சிட்டால் ‘ஐ’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்துதான் வரும். அது பிழையல்ல, பெயரை எப்படிக் காட்டுவது என்பதை மொழி நிரல்பெயர்ப்பியிடமே விட்டிருக்கிறது.)

2015இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழியும் இவ்வழியே. அங்கே ‘எனி’ என்ற பொது உறையில் இட்ட பொருளிடம் ‘நீ 32 பிட் முழு எண் வெக்டரா?’ என்று கேட்கலாம். ‘நீ ஏதாவதொரு வெக்டரா?’ என்று கேட்க வழியில்லை. வார்த்து முடித்தபின் அச்சு எங்கே இருக்கிறது!

ஜாவாவுக்கு 2004இல் 5ஆம் பதிப்பில் பொதுமை இனங்கள் வந்தன. அங்கே நிரலை மொழிபெயர்க்கும்போதே உறுப்பின் இனம் சரிபார்க்கப்படுகிறது. பிறகு பட்டியல் பொருளிலிருந்து அந்த விவரம் அழிக்கப்படுகிறது. ஓடும் நிரலில் சரப் பட்டியலும் எண் பட்டியலும் ஒரே இனக்குழு.

ஆய்வகத்தில் காலிக் கூடைகளை வைத்து இதைச் செய்து காட்டலாம். பைத்தானில் ஒரு காலி லிஸ்ட்டின் இனத்தைக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்து, சி++இல் காலியான இன்ட் வெக்டரையும் காலியான டபுள் வெக்டரையும் ஒப்பிடச் சொல்லுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும் சி++ இரண்டையும் வேறு என்றே சொல்லும்.