2900ம் ஒரு மசால் தோசையும்

மதியம் ஒரு மணி ஆனால் எங்கள் ஆபீஸில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். டிபன் பாக்ஸ் திறக்கும். பழைய ஃபைல் பீரோ மேலிருந்து செஸ் போர்டு இறங்கும். அதில் ஒரு வெள்ளைச் சிப்பாய் தொலைந்துபோய் வருஷம் ரெண்டாகிறது. அந்த இடத்தில் ஒரு பேனா மூடி வேலை பார்க்கிறது. டெம்பரரி போஸ்டிங்தான். ஆனால் இதுவரை நாலு தடவை ராணியாகப் பிரமோஷன் வாங்கிவிட்டது. எனக்கு இன்னும் ஒன்றுகூட வரவில்லை!

போர்டுக்கு அந்தப் பக்கம் உட்காருபவர் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் சீனியர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆபீஸ் முழுக்க அவருக்கு 'மந்திரி' என்றுதான் பெயர். செஸ்ஸில் மந்திரி குறுக்கே போகும். இவர் குறுக்கே பேசுவார்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"தம்பி, எழுதி வச்சுக்கோ. இன்னும் பத்து வருஷத்துல ஒருத்தன் 2900 ரேட்டிங் தொடுவான். உன் பிள்ளை காலத்துல 3000!"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை சார்."

"அதுக்கும் ரேட்டிங் வேணும்பா. நீ விஷயத்தைக் கேளு. 1972ல பாபி ஃபிஷர் 2785. 1990ல கேரி காஸ்பரோவ் 2800. அதே ஆளு 1999ல 2851. 2014ல மாக்னஸ் கார்ல்சன் 2882. ஏறிக்கிட்டேதானே இருக்கு? தங்கம் விலை மாதிரி. இறங்கி நீ பார்த்திருக்கியா?"

"2014க்கு அப்புறம்?"

மந்திரி சாம்பார் சாதத்தில் கவனமானார். ஏனென்றால் அதற்கப்புறம் ஒன்றுமில்லை. 2019 ஆகஸ்ட் லிஸ்டில் கார்ல்சன் மறுபடியும் அதே 2882ஐத் தொட்டார், தாண்டவில்லை. வேறு யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. அமெரிக்காவின் கருவானா 2014ல் தொட்ட 2844தான் அவர் உச்சம். நம்ம ஆனந்தின் உச்சம் 2011ல் 2817.

"2900 வராது சார்" என்றேன் வாய் சும்மா இல்லாமல்.

"பந்தயம்?"

"ஒரு மசால் தோசை. கூட ஒரு காபி."

கை குலுக்கிவிட்டோம். அன்று ராத்திரி மேன்ஷன் ரூமில் கால்குலேட்டரோடு உட்கார்ந்தபோதுதான், ரேட்டிங் என்றால் என்னவென்றே எனக்குச் சரியாகத் தெரியாது என்பது தெரிந்தது.

தராசா, ஸ்கேலா?

'ஈ.எல்.ஓ. ரேட்டிங்' என்கிறார்களே, அது எல்.ஐ.சி. மாதிரி ஏதோ சுருக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். ஆர்பாத் ஈலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவர் போட்ட கணக்கை உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 1970ல் ஏற்றுக்கொண்டது.

கணக்கின் சாரம் இதுதான். இரண்டு பேருக்கும் ஒரே ரேட்டிங் என்றால், ஆளுக்குப் பாதி வெற்றி எதிர்பார்க்கலாம். 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் பெரியவர் நூற்றுக்கு 64 எடுக்க வேண்டும். 200 வித்தியாசம் என்றால் 76. எதிர்பார்த்ததைவிட அதிகம் எடுத்தால் ரேட்டிங் ஏறும். குறைந்தால் இறங்கும்.

மறுநாள் மந்திரியிடம் இதைச் சொன்னேன். குறுக்கே பாய்ந்தார்.

"நூறு மீட்டர் ஓட்டத்துல உசைன் போல்ட் 2009ல 9.58 செகண்ட் ஓடலையா? சாதனைன்னா உடையத்தான் செய்யும்பா."

"சார், ஓட்டத்துக்குக் கடிகாரம் இருக்கு. பக்கத்துல ஓடறவன் நொண்டினாலும் கடிகாரம் மாறாது. இங்கே கடிகாரம் கிடையாது. இது உயரம் அளக்கிற ஸ்கேல் இல்லை, தராசு. இந்தத் தட்டுல நீங்க, அந்தத் தட்டுல எதிராளி."

யோசித்துப் பாருங்கள். இன்று ராத்திரியே உலகத்தில் செஸ் ஆடுகிற அத்தனை பேரும் இரண்டு மடங்கு கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டாலும், நாளைக் காலையில் யாருடைய ரேட்டிங்கும் ஒரு புள்ளி ஏறாது. தராசில் இரண்டு பக்கமும் ஒரே எடை கூடினால் முள் அசையுமா?

1972 ஜூலை லிஸ்டில் ஃபிஷர் 2785. அதற்கு அடுத்த இடத்தில் அன்றைய உலக சாம்பியன் ஸ்பாஸ்கி, 2660. நடுவில் 125 புள்ளி! இப்போது கார்ல்சனுக்குக்கூட அவ்வளவு இடைவெளி கிடைத்ததில்லை. அப்படியானால் யார் உசத்தி? 2785ஆ, 2882ஆ? தராசு அதற்குப் பதில் சொல்லாது. அவரவர் காலத்து எடைக்கற்கள் வேறு.

கம்ப்யூட்டர் செஸ்ஸில் ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு 3600க்கு மேல் போடுகிறார்களே என்பீர்கள். அது மெஷின்கள் தங்களுக்குள் ஆடிப் பார்த்துப் போட்ட லிஸ்ட். அந்தக் கடைத் தராசை எடுத்து வந்து இந்தக் கடையில் நிறுக்க முடியாது.

தோற்காமலே நின்ற இடத்தில்

சரி, 2900க்கு வருவோம். ஒருவர் எப்படியோ அங்கே ஏறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரோடு மோதுகிறவர்கள் சராசரியாக 2750. வித்தியாசம் 150. அதாவது நூற்றுக்கு 70 எடுக்க வேண்டும். பெரிய ஆட்டக்காரர்களுக்கு ஃபிடே வைத்திருக்கும் பெருக்கல் எண் 10. ஆக, ஜெயித்தால் 3 புள்ளி ஏறும். தோற்றால் 7 போகும். டிரா செய்தால்? 2 போகும்! உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரோடு கை குலுக்கிச் சமமாக எழுந்து வந்தாலும் அபராதம்.

பத்து ஆட்டம். ஒன்றில்கூடத் தோற்கவில்லை. நாலு வெற்றி, ஆறு டிரா. பேப்பரில் எல்லாம் படம் போடுவார்கள். ரேட்டிங்கில்? நாலு மூணு பன்னிரண்டு வரவு, ஆறு ரெண்டு பன்னிரண்டு செலவு. மிச்சம் சைபர். மாசக் கடைசியில் என் பாங்க் பாஸ்புக் மாதிரியே.

இன்னும் ஒரு கணக்கு. 2018 ஜூலையிலிருந்து 2020 அக்டோபரில் போலந்தின் டூடாவிடம் தோற்கிற வரை, கார்ல்சன் 125 ஆட்டம் தொடர்ந்து தோற்காமல் ஆடினார். 42 வெற்றி, 83 டிரா. மனுஷன்தானா என்று உலகமே வாயைப் பிளந்தது. கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 67 கூட முழுசாக வரவில்லை. அதாவது 2750 ஆட்களுக்கு எதிரே 2900ல் நிற்பதற்கு அந்த ஆட்டமும் போதாது!

முன்னே மாதிரி ஜெயித்துத் தள்ள முடியாததற்குக் காரணமும் இருக்கிறது. ஃபிஷர் 1971ல் டைமனோவை 6-0, லார்சனை 6-0 என்று துடைத்துப்போட்டார். இன்று எல்லார் மேஜையிலும் அதே கம்ப்யூட்டர், அதே ஆரம்பப் பாடம். 2018 உலகப் பட்டப் போட்டியில் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 நீண்ட ஆட்டங்களும் டிரா.

புள்ளி எங்கிருந்து வரும்?

இதைக் கேட்டு மந்திரி சும்மா இருப்பாரா? "அப்ப 2785லேர்ந்து 2882 வரைக்கும் ஏறினது எப்படி?" என்று மடக்கினார். நியாயமான கேள்விதான்.

உச்சத்தில் இரண்டு பேருக்கும் பெருக்கல் எண் 10. ஒருவருக்கு ஏறுவது இன்னொருவருக்கு இறங்குவது. மேல்மாடியில் நோட்டு அச்சடிக்க முடியாது. புள்ளி கீழ்மாடியிலிருந்துதான் ஏறி வர வேண்டும். வளரும் பையன்களுக்குப் பெருக்கல் எண் 40. அவர்கள் சரசரவென்று ஏறி, கையோடு புள்ளிகளை மேலே கொண்டுவருகிறார்கள். இரண்டாவது வரிசை 2750லிருந்து 2800க்கு உயர்ந்தால், 2900 நூற்றுக்கு 64 எடுத்தாலே நிற்கும். அப்போது என் தோசைக்கு ஆபத்து.

ஆனால் நேர்மாறாகவும் நடக்கும். லிஸ்டில் எண் சின்னதாக இருக்கும், ஆள் பெரியவனாக இருப்பான். அப்படிப்பட்ட இளசுகள் பெரியவர்களின் பையில் கை விடுவார்கள். 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில் அதுதான் நடந்தது. 2839 கார்ல்சன், 2611 ரேட்டிங் வைத்திருந்த நம்ம ஊர் கார்த்திகேயன் முரளியிடம் தோற்றார். ஒரே ஆட்டத்தில் சுமார் 8 புள்ளி காலி. அதே போட்டியில் கஜகஸ்தானின் சுலைமெனோவிடமும் ஏற்கெனவே தோற்றிருந்தார்.

பலவீனமானவர்களோடு மட்டும் ஆடி மெதுவாக ஏற முடியாதா? அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது. 400 புள்ளிக்கு மேல் எவ்வளவு வித்தியாசம் இருந்தாலும் 400 என்றே வைத்துக் கணக்கு போடுவார்கள், ஜெயித்தால் 0.8 கிடைக்கும். 2025ல் அமெரிக்காவின் நகமுரா, தேவையான ஆட்டங்களை எண்ணிக்கைக்குச் சேர்க்கச் சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடியபோது இதுபற்றிப் பெரிய சர்ச்சை. அந்த அக்டோபரிலிருந்து 2650க்கு மேற்பட்டவர்களுக்கு அந்தச் சலுகையை ஃபிடே எடுத்துவிட்டது.

இன்னொன்று. சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அன்றைக்கு அவர் எந்த லிஸ்டிலும் 2800ஐத் தொட்டிருக்கவில்லை. அதே மாத லிஸ்டில் 2801 தொட்ட அர்ஜுன் எரிகைசி, பட்டப் போட்டியில் ஆடவில்லை. எண் வேறு, நாற்காலி வேறு.

மந்திரியின் 1880

இப்போது ஒரு ரகசியம். மந்திரிக்கும் ரேட்டிங் உண்டு. 2019ல் 1800 வாங்கினார். அன்றோடு ரேட்டிங் போட்டிகளுக்கு முழுக்குப் போட்டுவிட்டார். கேட்டால் "டயம் இல்லப்பா" என்பார். டயம் இல்லாதவர் தினமும் லஞ்ச் அவரில் என்னை மூன்று ஆட்டம் அடிப்பது எப்படி?

2024 மார்ச்சில் ஃபிடே, 2000க்குக் கீழே உள்ளவர்களின் ரேட்டிங் ரொம்பச் சுருங்கிவிட்டது என்று எல்லாருக்கும் ஒரு உயர்வு கொடுத்தது. 2000க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நூற்றுக்கு 40. பஞ்சப்படி மாதிரி. மந்திரி ஒரு காயைக்கூட நகர்த்தாமல் 1880 ஆனார். 1500ல் கிடந்த நானும் 1700 ஆனேன். "உனக்கு இருநூறு, எனக்கு எண்பதா? சீனியாரிட்டிக்கு மதிப்பே இல்லை!" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த 1880ஐ வீட்டு ஷோகேஸில் வைத்த பீங்கான் பொம்மை மாதிரி காப்பாற்றிக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடித்தபோது எனக்கு அதுதான் உறுத்தியது. ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"சார், ஃபிஷர் 2785 வாங்கி உலக சாம்பியன் ஆன பிறகு என்ன பண்ணார்?"

"ஆடலை. 1975ல கார்போவோட ஆட வராம பட்டத்தையே விட்டுட்டார்."

"1992ல ஸ்பாஸ்கியோட திரும்ப ஆடினது?"

"ஆடினார். ரேட்டிங்ல சேர்க்கலை."

"கார்ல்சன் நினைச்சிருந்தா 2882ஓட வீட்டுல உட்கார்ந்திருக்கலாம். கத்தாருக்குப் போய் சின்னப் பசங்ககிட்ட தோத்து, நஷ்டப்பட்டுட்டு வந்தார். ஏன் சார்?"

மந்திரி குறுக்கே பேசவில்லை. எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. ராஜாவைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் உருட்டினார்.

"எண்ணு போச்சுன்னா திரும்ப வராதுன்னு ஒரு பயம்பா" என்றார் கடைசியில். "எனக்கு ஆபீஸ்ல சொல்லிக்க வேற என்ன இருக்கு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது?

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை. பத்தரைக்குத்தான் வந்தார். ஷேவ் பண்ணாத முகம். நேராக என் மேஜைக்கு வந்தார்.

"சனி ஞாயிறு டோர்னமென்ட் ஆடினேன். ஒரு பத்து வயசுப் பையன் தம்பி. ரேட்டிங் 1600. கால் தரையில எட்டலை, ஆட்டிக்கிட்டே ஆடறான். என்னை முப்பத்தோராவது மூவ்ல முடிச்சுட்டான். எனக்குப் பதினேழு போச்சு. அவனுக்கு எவ்வளவு தெரியுமா? முப்பத்து நாலு! நான் கொடுத்தது பதினேழு, மீதிப் பதினேழு யார் கொடுத்தா?"

"ஃபிடேதான் சார். பெருக்கல் எண் 40. நான் சொன்னேனே, புள்ளி இப்படித்தான் மேலே போகும்."

"அப்ப 2900க்கு நானும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கேன்னு சொல்லு!"

அன்று லஞ்ச் அவர் முழுக்க அந்தப் பையன் தன் குதிரையைக் கொடுத்து இவர் ராஜாவை எப்படி வெளியே இழுத்தான் என்று போர்டில் வைத்துக் காட்டினார். ரேட்டிங்கைப் பற்றிப் பேச்சே இல்லை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். 1800 வாங்கிய நாளில்கூட அப்படி இருந்திருக்காது. சாப்பாடு டிபன் பாக்ஸிலேயே இருந்தது. அடுத்த மாதப் போட்டிக்கு எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாராம்.

சாயங்காலம் ஓட்டலுக்குக் கூப்பிட்டார். இரண்டு மசால் தோசை வந்தது. நான் பர்ஸில் கை வைத்தேன்.

"இரு இரு. பந்தயம் இன்னும் முடியலை. 2900 வந்தா நீ கொடு. வராட்டி நான் கொடுக்கறேன்."

"வராதுன்னு எப்ப சார் முடிவு பண்றது?"

"அதான் தம்பி விஷயமே" என்றார் மந்திரி, சட்னியைத் தொட்டுக்கொண்டே. "அதுவரைக்கும் அவங்களும் ஆடட்டும், நாமளும் ஆடுவோம்."

பில்? நான்தான் கொடுத்தேன்!