கனரக இயந்திரத்தில் ஏறுமுன்: அனுமதிப்பத்திரம், தகைமை, மறுக்கும் உரிமை

மேற்கு சிட்னி கடந்த சில ஆண்டுகளாகப் பாரிய கட்டுமானப் பணிகளைக் கண்டுவருகின்றது. பட்ஜரிஸ் கிரீக்கில் புதிய சர்வதேச விமான நிலையத்துக்குரிய நிலத்தைச் சமப்படுத்துவதற்கு மட்டும் சுமார் 2 கோடியே 60 இலட்சம் கன மீற்றர் மண் அகற்றியும் நிரப்பியும் கையாளப்பட்டது. மெட்ரோ ரயில் பாதைகள், நெடுஞ்சாலைகள், புதிய குடியிருப்புகள் ஆகிய அனைத்துக்கும் மண் வெட்டவும் நிரப்பவும் சுமை தூக்கவும் தெரிந்தவர்கள் தேவைப்படுகின்றனர். இவ்வேலையை நாடும் தமிழர்களுள், ஊரில் பெக்கோ, ஜே.சி.பி., பொக்லைன் என்று அழைக்கப்படும் இயந்திரங்களைப் பல்லாண்டு இயக்கியவர்களும் உண்டு. இங்கு வந்த பின்னரே இத்துறையை எண்ணிப் பார்ப்பவர்களும் உண்டு.

இரு சாராரிடையேயும் இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. “இந்நாட்டில் எல்லா இயந்திரத்துக்கும் அரசாங்க அனுமதிப்பத்திரம் வேண்டும்” என்பது ஒன்று. “எக்ஸ்கவேட்டருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டாம், ஆகவே யாரும் ஏறி ஓட்டலாம்” என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் தகுதியுள்ளவரைத் தயங்க வைக்கின்றது. இரண்டாவது எண்ணம் உயிரைப் பறிக்க வல்லது. நியூ சவுத் வேல்ஸ் சட்டம் இவ்விடயத்தில் உண்மையில் எதைக் கோருகின்றது, தொழிலாளிக்கு எந்தப் பாதுகாப்பை அளிக்கின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

யாவருக்கும் பொதுவான முதற்படி

கட்டுமானத் தளத்தில் எவ்வேலையைச் செய்பவராயினும், கட்டுமானத் துறைக்கான பொது அறிமுகப் பயிற்சியை முடித்திருத்தல் வேண்டும். அதற்கான அட்டையே ‘வைட் கார்ட்’ எனப்படுகின்றது. ஒரு மாநிலத்தில் பெற்ற அட்டை ஏனைய மாநிலங்களிலும் செல்லுபடியாகும். ஆயினும் அட்டையைப் பெற்றவர் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகள் கட்டுமானப் பணி எதனையும் செய்யாதிருந்தால் அது செல்லுபடியற்றதாகிவிடும். பயிற்சியை மீண்டும் பெறவேண்டும்.

இவ்வட்டை தளத்தினுள் வேலை செய்வதற்கு மட்டுமே உரியது. எந்த இயந்திரத்தையும் இயக்குவதற்கான தகுதியை அது வழங்குவதில்லை.

எவற்றுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம்?

சட்டம் சில பணிகளை ‘உயர் ஆபத்துப் பணி’ என வகைப்படுத்தியுள்ளது. கோபுரக் கிரேன், நகரும் கிரேன், ஃபோர்க்லிஃப்ட், கொங்கிரீட் ஊற்றும் நீள்கை இயந்திரம், 11 மீற்றர் அல்லது அதற்கு மேல் நீளும் கைகொண்ட உயர்த்து மேடை ஆகியவற்றை இயக்குதல் இவ்வகையில் அடங்கும். சாரம் அமைத்தலும், சுமைகளைக் கட்டித் தூக்க வழிகாட்டும் ‘டொகிங்’ வேலையும் இவ்வாறே. இவற்றுக்கு உயர் ஆபத்துப் பணி அனுமதிப்பத்திரம் கட்டாயமாகும்.

இவ்வனுமதிப்பத்திரத்தைப் பெறுபவர் 18 வயதை அடைந்திருத்தல் வேண்டும். பதிவுபெற்ற பயிற்சி நிறுவனமொன்றில் பயின்று, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் மதிப்பீட்டில் சித்தியடைதல் வேண்டும். சித்தியடைந்தவர் 60 நாட்களுக்குள் விண்ணப்பித்தல் அவசியம். அனுமதிப்பத்திரம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இலங்கையிலோ இந்தியாவிலோ வளைகுடா நாடுகளிலோ பெற்ற கிரேன், ஃபோர்க்லிஃப்ட் சான்றுகள் இதற்குப் பதிலீடாகா.

அனுமதிப்பத்திரம் குறிப்பிட்ட வகுப்புக்கு மட்டுமே உரியது என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 20 தொன் வரையான சுழலும் நகர் கிரேனுக்கு உரிய வகுப்பைப் பெற்றவர், அந்த வகுப்பைக் கொண்டு 60 தொன் கிரேனை இயக்க முடியாது.

அனுமதிப்பத்திரம் வேண்டாத இயந்திரங்கள்

எக்ஸ்கவேட்டர், பெக்கோ, லோடர், புல்டோசர், கிரேடர், ரோலர் போன்ற மண்வேலை இயந்திரங்களுக்கு அரசாங்கம் இப்போது அனுமதிப்பத்திரம் வழங்குவதில்லை. இதனைச் சலுகையாகக் கருதுவது தவறு. பொறுப்பு முழுவதும் வேலையை நடத்துபவரிடமும் இயக்குபவரிடமும் வந்து சேர்ந்துள்ளது என்பதே இதன் பொருள்.

வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் 2011 இன்படி, வேலையை நடத்தும் நிறுவனமோ தனிநபரோ, இயக்குபவருக்குத் தேவையான தகவல், பயிற்சி, அறிவுறுத்தல், மேற்பார்வை ஆகியவற்றை வழங்கக் கடமைப்பட்டவர். அவை பெறுபவருக்கு எளிதில் விளங்கும் விதத்தில் வழங்கப்படவேண்டும் என்று ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. ஆகவே ஆங்கிலத்தில் விரைவாகச் சொல்லப்பட்ட அறிவுறுத்தல் புரியவில்லையெனில், மீண்டும் விளக்குமாறு கேட்பது தொழிலாளியின் குறைபாடன்று. சட்டம் அளித்துள்ள எதிர்பார்ப்பு.

இக்காரணத்தாலேயே பெரும்பாலான தளங்களில், ஒருவரை இயந்திரத்தில் ஏற்றுமுன் அவருடைய பயிற்சிச் சான்றைக் கேட்கின்றனர். நேரில் இயக்கிக் காட்டச் சொல்லியும் பரிசோதிக்கின்றனர். இதனைத் ‘தகைமை உறுதிப்படுத்தல்’ அல்லது சுருக்கமாக ‘வி.ஓ.சி.’ என்பர்.

ஊரில் பெற்ற அனுபவத்தின் பெறுமதி

பத்தாண்டு அனுபவம் உள்ளவருக்கு இப்பரிசோதனை அவமதிப்பாகத் தோன்றக்கூடும். ஆனால் அனுபவமே சில வேளைகளில் ஆபத்தாக மாறும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். எக்ஸ்கவேட்டரின் இரு கைப்பிடிகளுக்கும் இரண்டு விதமான ஒழுங்குகள் வழக்கில் உள்ளன. ஐ.எஸ்.ஓ. ஒழுங்கில் பெரிய கையை உயர்த்தித் தாழ்த்துவது வலக் கைப்பிடி, எஸ்.ஏ.ஈ. ஒழுங்கில் அதே வேலையைச் செய்வது இடக் கைப்பிடி. ஓர் ஒழுங்கில் பல்லாண்டு பழகிய கை, மற்றைய ஒழுங்கிலுள்ள இயந்திரத்தில், பதற்றமான ஒரு கணத்தில் பழைய பழக்கத்துக்கே திரும்பும். உயரவேண்டிய கை உயராது, வேறொன்று அசையும். கீழே ஒருவர் நின்றிருந்தால் விளைவைக் கூற வேண்டியதில்லை.

வாளிகளை விரைந்து மாற்ற உதவும் ‘குயிக் ஹிட்ச்’ இணைப்பும் இவ்வாறே. அது சரிவரப் பூட்டப்படாவிட்டால் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள வாளி கழன்று விழும். ஒவ்வொரு முறை வாளியை மாற்றிய பின்னரும், ஆட்கள் அற்ற இடத்தில் பூட்டைக் கண்ணால் பார்த்தும் வாளியைத் தரையில் அழுத்தியும் உறுதிசெய்தல் வேண்டும்.

ஊர் அனுபவம் வீணாவதில்லை. ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற முறையின் கீழ், பதிவுபெற்ற பயிற்சி நிறுவனம் ஒருவரின் முன் அனுபவத்தை மதிப்பிட்டு, முழுப் பயிற்சியும் இன்றியே தேர்ச்சிச் சான்று வழங்க முடியும். அதற்குச் சேவைக் கடிதங்கள், வேலை செய்த காலத்தின் பதிவுகள், இயக்கிய இயந்திரங்களின் வகையும் எடையும், நிழற்படங்கள் ஆகியன துணைபுரியும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணங்களை மொழிபெயர்த்து வைத்திருத்தல் நன்று. முறையாகக் கற்க விரும்புவோருக்குக் கட்டுமான இயந்திர இயக்கத்தில் மூன்றாம் தரச் சான்றிதழ்க் கற்கையும் உண்டு.

பயிற்சிகளிற் சேர்வதற்குத் ‘தனித்துவ மாணவர் அடையாள இலக்கம்’ தேவை. 2015ஆம் ஆண்டு முதல் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளில் பெற்ற தேர்ச்சிகளை இவ்விலக்கத்தின் மூலம் இணையத்தில் பார்வையிடலாம். போலிச் சான்று விற்பவர்களிடம் பணத்தையும் எதிர்காலத்தையும் இழக்காதிருக்கவும் இது ஒரு வழியாகும்.

வேலை தொடங்குமுன் கேட்கவேண்டியவை

நகரும் இயந்திரங்கள் உள்ள இடத்தில் வேலை, 1.5 மீற்றருக்கு மேல் ஆழமான அகழியில் அல்லது அதன் அருகில் வேலை, மின்னோட்டமுள்ள கம்பிகளின் அருகில் வேலை ஆகியவற்றைத் தொடங்குமுன் ‘பாதுகாப்பான வேலைமுறை அறிக்கை’ எழுதப்பட்டிருத்தல் கட்டாயம். தளங்களில் இதனை ‘ஸ்விம்ஸ்’ என்பர். வாசிக்காமல் கையொப்பமிடும் ஒரு தாளாக இது பல இடங்களில் ஆகிவிட்டது. ஆனால் கையொப்பம் என்பது, அதில் உள்ளதை அறிந்தேன் என்று கூறுவதாகும். விளங்காத பகுதியைக் கேட்டறிந்த பின்னரே ஒப்பமிட வேண்டும்.

நிலத்தைத் தோண்டுமுன், அடியில் செல்லும் மின்சார, எரிவாயு, நீர், தொலைத்தொடர்பு இணைப்புகள் பற்றிய நடப்புத் தகவல் பெறப்பட்டிருத்தல் வேண்டும். ‘பிஃபோர் யூ டிக் அவுஸ்திரேலியா’ என்ற சேவையில் விண்ணப்பித்து இவ்வரைபடங்களைப் பெறலாம். அவ்வரைபடம் தளத்தில் உள்ளதா என்று கேட்பது இயக்குபவரின் முதற் கேள்வியாக இருக்கட்டும்.

1.5 மீற்றரும் அதற்கு மேலும் ஆழமான அகழியின் பக்கங்கள் முட்டுக்கொடுத்தோ, சரிவாகவோ படிபடியாகவோ வெட்டியோ பாதுகாக்கப்படவேண்டும். ஒரு கன மீற்றர் மண் ஒரு தொன்னுக்கும் அதிக எடை கொண்டது. இயந்திரத்தையும் தோண்டிய மண்ணையும் விளிம்புக்கு அருகில் நிறுத்தினால் அச்சுமை அகழிக்குள் நிற்பவர் மீதே இறங்கக்கூடும்.

மேலே செல்லும் மின்கம்பிகளைப் பொறுத்தவரை, 132,000 வோல்ட் வரையானவற்றுக்கு 3 மீற்றர், 330,000 வோல்ட் வரையானவற்றுக்கு 6 மீற்றர், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 8 மீற்றர் எனும் இடைவெளியை நியூ சவுத் வேல்ஸ் நடைமுறைக் கோவை குறிப்பிடுகின்றது. இயந்திரம் கம்பியில் பட்டுவிட்டால், இயக்குபவர் உள்ளேயே இருந்து, ஏனையோரை விலகி நிற்குமாறு எச்சரிக்க வேண்டும். தீப்பற்றினால் மட்டுமே வெளியேறலாம். அப்போதும் இயந்திரத்தையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாது, இரு பாதங்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தரையிலிருந்து உயர்த்தாது சிறு அசைவுகளாக விலகிச் செல்ல வேண்டும்.

வேலையை நிறுத்தும் உரிமை

“முடியாது என்றால் நாளை வேலை இல்லை” என்ற அச்சமே பலரை ஆபத்தான இயந்திரத்தில் ஏற்றுகின்றது. இந்த அச்சத்தைச் சட்டம் அறிந்தே இருக்கின்றது. உடனடியாக நேரக்கூடிய பாரதூரமான ஆபத்துக்குத் தம்மை உட்படுத்தும் என்று நியாயமாகக் கருதும் வேலையை நிறுத்தவும் தொடங்க மறுக்கவும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் மேற்படி சட்டத்தின் 84ஆம் பிரிவு உரிமை அளிக்கின்றது. இங்கு ‘தொழிலாளி’ என்பதில் ஒப்பந்தகாரர், துணை ஒப்பந்தகாரர், ஆட்கள் வழங்கும் நிறுவனத்தின் மூலம் வந்தவர், பயிலுநர் ஆகிய அனைவரும் அடங்குவர். விசாவின் வகை இவ்வுரிமையைக் குறைப்பதில்லை.

இவ்வுரிமையோடு இரு கடமைகளும் உண்டு. வேலையை நிறுத்தியதை இயன்றளவு விரைவாக மேற்பார்வையாளருக்கு அறிவித்தல் வேண்டும். தமக்குப் பொருத்தமான மாற்று வேலையைச் செய்வதற்குத் தயாராக இருத்தலும் வேண்டும். சொல்லாமல் வீட்டுக்குச் செல்வது இவ்வுரிமையைப் பயன்படுத்துவதாகாது. “ஐ ஆம் நொட் ட்ரெய்ண்ட் ஒன் திஸ் மெஷின்” என்ற ஒரு வாக்கியமே தொடக்கத்துக்குப் போதுமானது. நிகழ்ந்த நாள், நேரம், கூறியவர், கூறப்பட்டது ஆகியவற்றை அன்றே எழுதிவைத்தல் பின்னர் பெரிதும் உதவும்.

பாதுகாப்புப் பிரச்சினையை எழுப்பியதற்காக ஒருவரை நீக்குவதும், அவருக்குப் பாதகமாக நடப்பதும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஊழியர் ஃபெயார் வேர்க் ஆணைக்குழுவுக்கு 21 நாட்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். இக்காலம் குறுகியது, ஆதலால் தாமதமின்றி ஆலோசனை பெறுவது இன்றியமையாதது.

ஏ.பி.என்., சம்பளம், காயம்

இத்துறையில் பலர் ஏ.பி.என். பெற்றுக்கொண்டு ஒப்பந்தகாரராக வருமாறு கேட்கப்படுகின்றனர். உண்மையில் ஊழியராக உள்ளவரை ஒப்பந்தகாரர் போலக் காட்டுவது சட்டவிரோதமானது. நேரத்தையும் முறையையும் மற்றொருவர் தீர்மானிக்க, அவருடைய இயந்திரத்தில், அவருக்காக மட்டுமே வேலை செய்பவர், தமது நிலை யாது என்பதைக் கேட்டறிதல் வேண்டும். ஊழியருக்குச் சம்பளம் வழங்கப்பட்டு ஒரு வேலைநாளுக்குள் சம்பளச் சிட்டை வழங்கப்படவேண்டும்.

வேலையில் காயமுற்றவர் அதனை உடனடியாகத் தொழில்தருநருக்கு அறிவித்து, மருத்துவரை நாடி, சான்றிதழ் பெறவேண்டும். தொழில்தருநர் 48 மணித்தியாலங்களுக்குள் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஏ.பி.என். வைத்திருப்பவர்களுள் சிலரையும் நட்டஈட்டுச் சட்டம் தொழிலாளிகளாகவே கருதுகின்றது. ஆகவே விசாரிக்காமல் உரிமையைக் கைவிடுதல் கூடாது.

உதவி பெறும் வழிகள்

உயிராபத்தில்: 000.

பாதுகாப்பற்ற தளம், அனுமதிப்பத்திரம் பற்றிய கேள்விகளுக்கு சேஃப்வேர்க் நியூ சவுத் வேல்ஸ்: 13 10 50.

சம்பளம், சம்பளச் சிட்டை, ஏ.பி.என். பற்றிய கேள்விகளுக்கு ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன்: 13 13 94.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் முதலில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற இலக்கத்தில் அழைத்து, “டமில்” என்று கூறி, மேற்குறித்த அலுவலகத்துடன் இணைக்குமாறு கேட்கலாம். இச்சேவை நாள் முழுவதும் இயங்குகின்றது.

இது பொதுவான தகவலே. தனிப்பட்ட சட்ட ஆலோசனைக்கு மாற்றாகாது. வைட் கார்ட், பயிற்சிச் சான்றுகள், சம்பளச் சிட்டைகள் ஆகியவற்றின் பிரதிகளைக் கைத்தொலைபேசியிலும் வீட்டிலுமாக இரு இடங்களில் பாதுகாத்து வைத்திருப்பது, இத்தொழிலில் ஈடுபடும் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடியது.