வெப்பம் தாங்கும் செயற்கைப் புல்தரை

புல்தரை என்றதும் குளிர்ச்சியே நம் நினைவுக்கு வரும். ஆனால் நண்பகலில் வெறுங்காலை வைத்தால் தோல் வெந்துபோகும் புல்தரையும் உலகில் உண்டு. பிளாஸ்டிக் இழைகளால் ஆன செயற்கைப் புல்லே அது. அமெரிக்காவின் தென்மேற்கே பாலைவன மாநிலங்களான அரிசோனாவிலும் நெவாடாவிலும் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இதை விரித்து, பிள்ளைகள் பந்தாட ஆடுகளம் அமைக்கிறார்கள். விற்பவர்கள் இதனை 'வெப்பம் தாங்கும் புல்' என்கின்றனர். அப்பெயரின் பொருள்தான் என்ன என்று சற்று ஆராய்வோம்.

இப்புல் முதன்முதலில் பெரிய அளவில் பதிக்கப்பட்டது ஒரு பள்ளிக்கூடத்தில்தான் என்பது மாணவியராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1964 ஆம் ஆண்டு ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், மோசஸ் பிரவுன் பள்ளியில் அது நடந்தது. மறு ஆண்டு டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் 'ஆஸ்ட்ரோடோம்' என்னும் கூரையிட்ட அரங்கம் திறக்கப்பட்டது. ஒளி புகும் கூரையின் கூச்சத்தால் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை. கூரைக்கு வர்ணம் பூசினார்கள்; ஒளியின்றிப் புல் மடிந்தது. 1966 இல் அங்கே செயற்கைப் புல் விரித்தனர். 'ஆஸ்ட்ரோடர்ஃப்' என்ற பெயர் அந்த அரங்கத்தால் வந்ததே.

பாலைவன நகரங்களுக்கு இப்புல் வந்த காரணம் வேறு. அது தண்ணீர்ப் பஞ்சம். லாஸ் வேகஸ் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 4 அங்குலமே. மற்றதற்குப் பெரும்பாலும் கொலராடோ நதியையே நம்பி வாழ்கிறது. அலங்காரத்துக்காக மட்டும் சாலையோரங்களிலும் அலுவலகங்களின் முன்பும் வளர்க்கும் புல்லுக்கு 2027 ஆம் ஆண்டு முதல் அந்நதி நீரைப் பாய்ச்சக் கூடாது என்று நெவாடா மாநிலம் 2021 இல் சட்டமே இயற்றியது.

தண்ணீர் மிச்சமாயிற்று, வெப்பம் என்னவாயிற்று? உயிருள்ள புல் வேரால் நீரை உறிஞ்சி இலைவழியே ஆவியாக விடுகிறது. கொதிநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வெப்பம் வேண்டும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சாதாரண உஷ்ணநிலையில் இன்னும் சற்று அதிகமாகவே வேண்டும். புல்லின் மீது விழும் வெயிலில் பெரும்பகுதி இவ்வேலைக்கே செலவாகிவிடுகிறது. பிளாஸ்டிக் இழை நீர் குடிப்பதில்லை. ஆகவே விழுந்த வெயிலில் பெரும்பகுதி அதிலேயே தங்குகிறது. யூட்டா மாநிலத்துப் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002 இல் தங்கள் செயற்கைப் புல் மைதானத்தை அளந்து பார்த்தனர். காற்றின் வெப்பம் 98 டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருந்த நாளில் தரையின் வெப்பம் 200 டிகிரி! சோறு வடிக்கும் கஞ்சியின் சூட்டுக்கு அது அதிகம் குறைந்ததன்று. நீர் தெளித்தபோது 174 டிகிரியிலிருந்து 85க்கு இறங்கியது; ஆனால் ஐந்தே நிமிடத்தில் 120, இருபது நிமிடத்தில் 164 என்று மீண்டும் ஏறிவிட்டது.

பீனிக்ஸ் நகரில் 2023 ஆம் ஆண்டு தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரிக்குக் குறையாத வெயில் அடித்தது. அத்தகைய ஊரில், கொல்லையில் ஓடியாடும் சிறு குழந்தை தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

எனவே 'வெப்பம் தாங்கும்' என்ற சொல்லில் இரு பொருள் கலந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். புல் உருகாது, நிறம் வெளுக்காது என்பது ஒன்று. பாதத்துக்குச் சூடு குறைவாக இருக்கும் என்பது மற்றொன்று. முதலாவது உண்மையாக இருந்து இரண்டாவது பொய்யாகலாம். தாங்குவது புல்லே அன்றிப் பாதம் அன்று! வாங்குவோர் இவ்விரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டாலே பாதி ஏமாற்றம் நீங்கும்.

சூட்டைக் குறைக்க வழிகள் இல்லாமலில்லை. சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாகும். அவற்றைத் திருப்பி அனுப்பும் நிறமிகளை இழையில் கலக்கிறார்கள். பச்சை நிறம் மாறுவதில்லை. இழைகளுக்கிடையே பழைய டயர்களை அரைத்த கறுப்பு ரப்பர்த் தூளை நிரப்பும் வழக்கம் உண்டு. வெப்பத்துக்கு அதைப்போன்ற விருந்து வேறில்லை. அதற்குப் பதிலாக வெளிர்நிற மணலையோ, 'ஸியோலைட்' என்னும் நுண்துளைக் கனிமத்தையோ இடுகிறார்கள். ஸியோலைட் நம் மண்பானையைப் போன்றது. தெளித்த நீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஆவியாக்கும். ஆனால் பானை வற்றினால் குளிர்ச்சியும் போயிற்று! தண்ணீரை மிச்சப்படுத்த வந்த புல்லுக்கே தண்ணீர் தெளிக்க வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

இனி, ஆடுகளம் அமைக்கும் முறையைக் காண்போம். பூப்பந்தாட்டக் களம் 44 அடி நீளமும் 20 அடி அகலமும் உடையது. சுற்றிலும் ஓட இடம் வேண்டும். பழைய மண்ணை நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் தோண்டி எடுத்துவிட்டு, பொடித்த கருங்கல்லைப் பரப்பி, நீர் தெளித்து, இயந்திரத்தால் இறுகத் திமிசு போடுவார்கள். மழைநீர் வடிய நூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு இருக்க வேண்டும். உண்மையில் களத்தின் ஆயுள் இந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது. மேலே விரிப்பது ஒரு நாள் வேலை. பாய்ச்சுருள்களைப் பிரித்து, இழைகள் ஒரே பக்கம் சாயுமாறு வைத்து, இணைப்புகளின் அடியில் பட்டை வைத்துப் பசையால் ஒட்டி, மணலைத் தூவித் துடைப்பத்தால் உள்ளே இறக்குவார்கள். பந்து சீராக எழும்ப இழை குட்டையாக இருப்பது நல்லது.

வீட்டு ஜன்னலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பத்தைத் தடுக்கும் நவீன இரட்டைக் கண்ணாடிகள் லேசாக உட்குழிந்து, வெயிலைக் குழியாடிபோல் ஒரே இடத்தில் குவிப்பதுண்டு. அந்த இடத்தில் புல் உருகிச் சுருண்டுவிடும்.

இத்தனைக்கும் மேலாகச் சூட்டை உறுதியாகக் குறைப்பது நிழலே. களத்தின்மேல் கெட்டித் துணியால் நிழற்பந்தல் கட்டுகிறார்கள். மாலையில் ஆட விளக்குகளும் வைக்கிறார்கள். பந்தல் கால்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் உரிய குழிகளைப் புல் விரிப்பதற்கு முன்பே தோண்டிவிட வேண்டும். பின்னர் தோண்டினால் ஒட்டிய பாயை அறுக்க நேரும்.