உம்றாப் பயணமும் உங்கள் கைக்காசும்



நமது கல்முனைக் கரையில் ஒருவர் உம்றாவுக்குப் புறப்படுகிறார் என்றால் அந்த வீடு ஒரு கிழமைக்கு முன்பே நிறைந்துவிடும். சாய்ந்தமருதிலிருந்து மாமி வருவார், நிந்தவூரிலிருந்து சாச்சி வருவார். துஆக் கேட்பார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். எழும்பிப் போகும்போது மெல்ல, "எனக்கும் ஒரு அபாயா பார்த்துட்டு வாங்க மகள்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார்கள். இஹ்ராம் எப்படி, தவாப் எப்படி என்று மௌலவிமாரிடம் கேட்டுப் படிக்கும் நமது பெண்கள், செலவுக் காசை எப்படி மாற்றுவது, எங்கே வைப்பது என்று மட்டும் எவரிடமும் கேட்பதில்லை. அதை மாப்பிள்ளை பார்ப்பார், மகன் பார்ப்பான் என்று விட்டுவிடுகிறார்கள்.

நானும் அப்படிப் பார்த்துக்கொண்ட ஒரு மகன்தான். உம்மாவை உம்றாவுக்கு அழைத்துச் சென்றபோது இருவருடைய காசையும் என் இடுப்புப் பட்டியிலேயே கட்டிக்கொண்டேன். அஸருக்குப் பிறகு, மர்வாவில் சஃயை முடித்து முடி கத்தரிக்கும் நெரிசலில் உம்மா என்னை விட்டுப் பிரிந்துவிட்டார். இஷாத் தொழுகை முடிந்த பிறகுதான் ஒரு வாசலருகே அவரைக் கண்டேன். ஹோட்டலின் பெயர் எழுதிய அட்டை கழுத்தில் தொங்கியது. டாக்ஸிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஏற்றிப் போகவும் நின்றாராம். "கையில ஒரு சல்லியும் இல்லாம எப்படி மகன் ஏறுற?" என்றார் உம்மா. சீனி வருத்தமுள்ள அந்த வயதாளி, ஸம்ஸத்தை மட்டும் குடித்துக்கொண்டு அத்தனை நேரம் பசியோடு இருந்திருக்கிறார். பிழை முழுவதும் என்னுடையது.

ஆகவே முதற் காரியம் இதுதான். உங்களை அழைத்துச் செல்பவர் எவ்வளவு பொறுப்பானவராக இருந்தாலும், உங்கள் கையில் உங்கள் காசு இருக்கட்டும். நூறு றியாலாவது வேண்டும். அதுவும் ஒரே நோட்டாக இல்லாமல் பத்தும் ஐந்துமாக இருக்கட்டும். மஹராகவோ உழைப்பாலோ வாரிசுரிமையாகவோ உங்களுக்கு வந்த செல்வம் உங்களுடையது என்பதில் மார்க்க அறிஞர்களிடையே பேச்சே இல்லை. பயணத்தில் மட்டும் அது ஏன் இன்னொருவரின் பேர்ஸுக்குள் போக வேண்டும்?

காசைப் பற்றி யோசிப்பது தவக்குலுக்கு மாற்றம் என்று சில முதியவர்கள் நினைக்கிறார்கள். யமன் வாசிகள் சிலர் கட்டுச்சாதம் எதுவுமின்றி, நாங்கள் அல்லாஹ்வை நம்பியவர்கள் என்று சொல்லிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, மக்காவுக்கு வந்ததும் மக்களிடம் கையேந்தினார்கள். பயணத்துக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளுமாறு சொல்லும் அல்பகறா அத்தியாயத்தின் வசனம் அவர்கள் விடயத்தில்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது.

காசைக் கட்டிக்கொள்ளும் பட்டி அக்காலத்திலும் இருந்தது. அதற்கு அரபியில் ஹிம்யான் என்று பெயர். இஹ்ராம் அணிந்த ஆண் அதை இடுப்பில் கட்டலாமா என்று கேட்கப்பட்டபோது ஆயிஷா (ரலி) அவர்கள் அனுமதித்ததாக பிக்ஹ் நூல்களில் காண்கிறோம். பெண்களுக்குத் தைத்த உடை தடையே அல்ல என்பதால் உங்கள் பாடு இன்னும் இலேசு. நமது ஊர்களில் தையல் மெஷின் இல்லாத தெரு ஏது? உள்பாவாடையின் உட்புறத்தில் சிப் வைத்து ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள். தோளில் தொங்கும் பையில் அன்றைய செலவுக்கானது மட்டும் இருக்கட்டும். தவாபின் நெரிசலில் களவு நடக்காது என்று எண்ணிவிடாதீர்கள், அங்கேயும் நடக்கிறது. மீதியை ஹோட்டல் அறையின் பெட்டகத்தில் வையுங்கள், தலையணைக்கடியில் வேண்டாம்.

நமது மூத்தவர்களுக்குப் பாரமே ஒரு சோதனையாக இருந்தது. சவூதியில் காகித நாணயம் இல்லாத அந்தக் காலத்தில் வெள்ளி றியால்களைச் சுமந்து திரிய வேண்டும். 1953 இல்தான் அந்நாட்டு நாணய முகவரகம் ஹாஜிகளுக்கென்று பத்து றியால் ரசீதுகளை வெளியிட்டது. அந்நாட்டின் காகிதப் பணத்துக்கு அதுவே தொடக்கம். இந்திய ரிசர்வ் வங்கியும் 1959 இல் ஹாஜிகளுக்கெனத் தனி நோட்டு அச்சிட்டது. இன்று பாரம் குறைந்துவிட்டது. நட்டப்படும் வழிகள்தான் கூடிவிட்டன.

அவற்றுள் முதலாவது காசு மாற்றும் இடம். சிலர் இங்கே ரூபாவைக் கொடுத்துவிட்டு, "மக்காவில் றியால் தருகிறேன்" என்ற வாக்கை நம்பிப் போகிறார்கள். ஒரு நாணயத்தை இன்னொரு நாணயத்துக்கு மாற்றுவதானால் அதே அமர்வில் கைக்குக் கை மாற வேண்டும். காகிதப் பணத்துக்கும் தங்கம் வெள்ளியின் சட்டமே பொருந்தும் என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1986 இல் அம்மானில் கூடித் தீர்மானித்திருக்கிறது. மார்க்கம் ஒருபுறமிருக்க, வாக்களித்தவரை அங்கே காணாவிட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்? வங்கியிலோ, மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ மாற்றுங்கள், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். நமது ரூபாவை அங்கே கொண்டுபோய் மாற்ற நினைக்க வேண்டாம்.

ஒரு சின்னக் கணக்கைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1986 முதல் ஒரு டொலருக்கு 3.75 றியால் என்ற விகிதம் மாறாமல் இருக்கிறது. கடைக்காரர் சொல்லும் டொலர் விலையை 3.75 ஆல் வகுத்தால் றியாலின் நியாயமான விலை தெரிந்துவிடும். ஒரு பேச்சுக்கு டொலர் 300 ரூபா என்றால் றியால் 80 ரூபா. அவர் 81 கேட்டால் வாங்கலாம். 84 கேட்டால் டொலராக வாங்கிக்கொண்டுபோய் மக்காவில் மாற்றுங்கள். நூறு டொலருக்கு 375 றியாலுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். கிழிந்த நோட்டும் பேனையால் எழுதிய நோட்டும் மட்டும் வேண்டாம்.

செலவை ரூபாவில் திட்டமிடாதீர்கள், றியாலில் திட்டமிடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவளவுக்கு ஏறியது. முன்பு 54 ரூபாவுக்கு வாங்கிய றியால் 96 ரூபா ஆனது. ரூபாவில் கணக்குப் போட்டு வைத்திருந்தவர்களின் செலவுக் காசு பாதியளவாகக் கரைந்துபோனது.

வங்கி அட்டை ஒன்றைக் கூட எடுத்துச் செல்வது நல்லது. கணக்கிலுள்ள உங்கள் காசையே எடுக்கும் டெபிட் அட்டையாக இருக்கட்டும். வெளிநாட்டில் வேலை செய்யுமா, ஒவ்வொரு தடவைக்கும் எவ்வளவு கழிப்பார்கள் என்று புறப்படுமுன் வங்கியில் விசாரியுங்கள். கடன் அட்டையால் மெஷினில் காசு எடுத்தால் பொதுவாக அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். உம்றாவுக்குப் போன இடத்தில் அது நமக்கு வேண்டாம். இன்னொன்று: ரூபாவில் கழிக்கவா, றியாலில் கழிக்கவா என்று மெஷின் கேட்கும். ரூபா நமக்குப் பழகியது என்று அதை அழுத்திவிடுகிறோம். றியாலையே அழுத்துங்கள். ரூபாவை அழுத்தினால் மாற்று விலையைக் கடைக்காரர் பக்கத்து வங்கிதான் போடும். அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பது எளிது. ஒரு தட்டுக் கப்ஸா நமது பெண்கள் இருவருக்குத் தாராளமாகப் போதும். மாசிச் சம்பலும் தேயிலையும் பால்மாவும் வீட்டிலிருந்து கொண்டுபோனால் காலைச் சாப்பாட்டுக்கு குப்ஸ் மட்டும் வாங்கினால் சரி.

காசு உண்மையில் கரைவது அன்பளிப்பில்தான். தெருவுக்கே தொழுகை விரிப்பும் தஸ்பீஹும் வாங்குகிறோம். அவற்றில் பெரும்பகுதி சீனாவில் செய்தது. கொழும்பிலும் அதே சாமான் கிடைக்கும். பிறகு பாரம் கூடி, விமான நிலையத்தில் அதற்கும் கட்டணம் கட்டுகிறோம். கடன்பட்டு அன்பளிப்பு வாங்கியவர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஊரிலிருக்கும்போதே ஒரு தொகையை ஒதுக்கி, அதை வேறு பையில் போடுங்கள். அது முடிந்தால் கடைவீதியும் முடிந்தது. பேரீச்சம்பழத்தை மதீனாவின் பழச் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்கி, வீட்டுக்கு வந்து சிறு பைகளாகக் கட்டுங்கள். நகை வாங்குபவர்கள், 2020 ஜூலை முதல் அங்கே 15 வீத வரி இருப்பதை மறக்காமல், சொல்லும் விலையில் அது சேர்ந்ததா என்று கேளுங்கள். சாமான் வாங்கக் காசு தந்து அனுப்பியவர்களின் தொகையைப் பெயரெழுதிய உறைகளில் வையுங்கள். அது அமானிதம், உங்கள் கைச்செலவோடு கலக்கக் கூடாது.

திரும்பும் நாளில் நாணயக் குற்றிகளை முதலில் செலவழியுங்கள். ஒரு றியால், இரண்டு றியால் குற்றிகளை நமது நாணய மாற்றுக் கடைகளில் எடுக்கமாட்டார்கள். விமான நிலையத்தில் தண்ணீரோ தேநீரோ வாங்க ஒரு பத்து றியால் நோட்டு போதும். பெரிய நோட்டு மீந்தால் கட்டுநாயக்கவில் அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. அடுத்து உம்றாவுக்குப் போகும் சொந்தக்காரருக்கு அன்றைய விலைக்குக் கொடுத்துவிடலாம், கைக்குக் கைதான். எனது உம்மா இரண்டாம் முறை போனபோது நான் கொடுத்த நூறு றியாலில் நாற்பதை மீதமாகக் கொண்டுவந்தார். அது இப்போது என் தங்கையின் கைப்பையில் இருக்கிறது. அவள் அடுத்த மாதம் புறப்படுகிறாள்.