தடைகளைத் தாண்டி எரியும் விளக்குகள்: பனிக்காலப் பண்டிகைகளின் கதை

மார்கழி பிறந்துவிட்டால் எமது ஊர்களில் விடியற்காலையே வேறு விதமாகிவிடும். ஒருபுறம் திருவெம்பாவைக்கு மணி ஒலிக்கும். மறுபுறம் பாடசாலைகளில் ஒளிவிழா, வீடுகளில் பாலன் குடில், அடுத்து தைப்பொங்கலுக்கான ஆயத்தம். உலகின் வேறு பல இனங்களுக்கும் ஆண்டின் இந்தப் பகுதிதான் பண்டிகைக் காலம். ஒன்றையொன்று அறியாத மக்கள் ஏன் ஏறக்குறைய ஒரே நாட்களில் விளக்கேற்றினார்கள்? ஆட்சியாளர்கள் அந்த விளக்குகளை அணைக்க முயன்றபோது என்ன நடந்தது?

சூரியன் திரும்பும் நாள்

முதற் கேள்விக்கான விடை வானத்தில் இருக்கிறது. பூமியின் வட பாதியில் டிசெம்பர் 21 அல்லது 22ஆம் திகதி ஆண்டின் மிகக் குறுகிய பகலும் மிக நீண்ட இரவும் வரும். யாழ்ப்பாணத்தில் இந்த வேறுபாட்டை நாம் பெரிதாக உணர்வதில்லை. அன்றும் எமக்குச் சுமார் பதினொன்றரை மணித்தியாலம் பகல் உண்டு. ஆனால் இலண்டனில் அது எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. சுவீடனின் ஸ்ரொக்ஹோமில் ஆறு மணித்தியாலம்தான். களஞ்சியத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு உறைபனியைத் தாண்ட வேண்டிய மக்களுக்கு, சூரியன் மீண்டும் ஏறத் தொடங்கும் நாள் உயிர் தப்பும் நம்பிக்கையைத் தந்த நாள்.

ஈரானியர்கள் இந்த நீண்ட இரவை 'யால்டா' என்கிறார்கள். குடும்பத்தின் மூத்தவர் வீட்டில் எல்லோரும் கூடி, மாதுளையும் வத்தகப்பழமும் உண்டு, கவிஞர் ஹாபிஸின் பாடல்களை வாசித்தபடி விழித்திருப்பார்கள். சீனர்களின் 'டொங்ஸி' நாளில் வடக்கே மாவுக்குள் இறைச்சி வைத்து அவித்த பலகாரமும், தெற்கே இனிப்பு நீரில் மிதக்கும் அரிசிமா உருண்டைகளும் செய்வார்கள்.

எமது தைப்பொங்கலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் உத்தராயணத்தின் தொடக்கமாகவே அது கொள்ளப்படுகிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால், நட்சத்திரங்களை அடிப்படையாகக் கொண்ட எமது நாட்காட்டிக்கும் சூரியன் உண்மையில் திரும்பும் நாளுக்கும் இடையே இன்று மூன்று கிழமைக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கிறது. அதனாலேயே ஜனவரி நடுப்பகுதியில் பொங்குகிறோம்.

நத்தாரின் திகதி

இயேசு பிறந்த திகதியை நற்செய்தி நூல்கள் சொல்லவில்லை. டிசெம்பர் 25 என்ற திகதி உரோமில் 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூலில் காணப்படுகிறது. அதே நூலில் அதே நாள் 'வெல்லப்படாத சூரியனின்' நாளாகவும் குறிக்கப்பட்டுள்ளது. 274ஆம் ஆண்டில் பேரரசர் ஒரேலியன் அந்தச் சூரிய வழிபாட்டை அரச வழிபாடாக உயர்த்தியிருந்தார். சூரிய விழாவைக் கிறிஸ்தவம் தன்வயப்படுத்தியது என்பது ஒரு விளக்கம். மார்ச் 25இல் மரியாள் கருவுற்றார் என்ற நம்பிக்கையிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி இத்திகதி பெறப்பட்டது என்பது இன்னொரு விளக்கம். அறிஞர்களிடையே இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

உரோமில் அதற்கு முன்பிருந்தே டிசெம்பர் 17இல் தொடங்கும் 'சற்றர்னேலியா' விழா இருந்தது. பரிசு கொடுப்பார்கள், மெழுகுதிரி ஏற்றுவார்கள். அந்தச் சில நாட்களுக்கு மட்டும் அடிமைகள் எசமானருடன் சரிசமமாக விருந்துண்பார்கள்.

ஆபத்துக் காலத்தில் விளக்கை எங்கே வைப்பது?

யூதர்களின் 'ஹனுக்கா' தடையிலிருந்தே பிறந்த பண்டிகை. கி.மு. 167இல் கிரேக்க அரசன் நான்காம் அன்ரியோக்கஸ் யூத வழிபாட்டு முறைகளைத் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தில் அந்நியத் தெய்வத்துக்குப் பலியிடச் செய்தான். மக்கபேயர்கள் கிளர்ந்தெழுந்து கி.மு. 164இல் ஆலயத்தை மீட்டுப் புனிதப்படுத்தினர். எட்டு நாள் விழா அப்போது தொடங்கியது. ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாட்கள் எரிந்தது என்ற கதை சில நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த தல்மூத் நூலில்தான் வருகிறது.

அதே தல்மூத்தில் ஒரு விதி உண்டு. ஹனுக்கா விளக்கைத் தெருவில் போவோர் காணும்படி வாசலில் வைக்க வேண்டும். ஆனால் ஆபத்தான காலமென்றால் வீட்டுக்குள் மேசையில் வைத்தாலே போதும். அச்சத்தோடு வாழ்ந்த ஒரு சமூகம் தனது பிள்ளைகளுக்காக எழுதிவைத்த விதி இது. கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் ஏற்றிய சுட்டிக்கும் விளக்கம் கேட்கப்பட்ட ஆண்டுகளைக் கண்ட எமது மக்களுக்கு இதன் பொருளை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கிறிஸ்தவர்களே தடுத்த நத்தார்

நத்தாரைத் தடுத்தவர்கள் வேற்று மதத்தவர் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. 1647இல் தூய்மைவாதக் கிறிஸ்தவர்களின் செல்வாக்கிலிருந்த இங்கிலாந்துப் பாராளுமன்றம் நத்தாரை இரத்துச் செய்தது. வேதாகமத்தில் இல்லாத விழா, குடிக்கும் கூத்துக்குமே இடம் கொடுக்கிறது என்பது அவர்களின் வாதம். அவ்வாண்டு நத்தாரன்று கன்ரபரி நகர மேயர் கடைகளைத் திறக்கச் சொன்னபோது மக்கள் கலகம் செய்து கடைகளை மூடவைத்தனர். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் தடை விலகியது. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659 முதல் 1681 வரை நத்தார் கொண்டாடியவருக்கு ஐந்து சிலிங் தண்டம் இருந்தது.

சோவியத் ஒன்றியத்தில் 1920களின் இறுதியிலிருந்து நத்தார் மரம் பழைய மதத்தின் எச்சமென ஒதுக்கப்பட்டது. 1935 டிசெம்பரில் பவெல் பொஸ்ரிஷெவ் என்ற கட்சித் தலைவர் 'பிராவ்தா' பத்திரிகையில் எழுதிய கடிதத்துக்குப் பின்னர் அதே மரம், உச்சியில் சிவப்பு நட்சத்திரத்துடன், புத்தாண்டு மரமாகத் திரும்பியது. உக்ரேனில் 1933 பஞ்சக் காலத்தில் தானியப் பறிமுதலை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் இவர். பட்டினி போட்ட கையே பிள்ளைகளுக்கு மரத்தைக் கொடுத்தது. பின்னர் அதே ஆட்சி அவரையும் சுட்டுக் கொன்றது.

கொடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம்

எமது உறவுகள் பெருந்தொகையாக வாழும் கனடாவில் நடந்த கதையை இவை எல்லாவற்றையும் விட விரிவாக அறிந்திருக்க வேண்டும். கனடாவின் மேற்குக் கரையில் வாழும் குவாக்குவாக்கியவாக் முதற்குடி மக்களுக்குக் கோடை என்பது மீன் பிடித்துச் சேமிக்கும் காலம், பனிக்காலம் என்பது சடங்கின் காலம். அப்போது நடக்கும் பெருவிழாவின் பெயர் 'பொற்லாச்'. 'கொடுத்தல்' என்பதே அச்சொல்லின் பொருள். பிள்ளைக்குப் பெயர் சூட்டுதல், திருமணம், இறந்தோருக்கான துக்கம், உரிமைகளைக் கைமாற்றுதல் எல்லாம் அங்கேதான். வந்தவர்கள் விருந்தாளிகள் மட்டுமல்லர், சாட்சிகள். சாட்சி நின்றதற்காக அவர்களுக்குப் பொருட்கள் வழங்கப்படும். எழுத்து ஆவணம் இல்லாத சமூகத்தில் அந்த விழாவே உறுதியும் பதிவேடுமாக இருந்தது. அதிகம் சேர்த்தவர் அல்ல, அதிகம் கொடுத்தவரே பெரியவர்.

சேமிக்காமல் கொடுத்தழிப்பது நாகரிகத்துக்கு விரோதம் என்று அரச அதிகாரிகளும் மதப் பரப்புநர்களும் கருதினர். 1885 முதல் பொற்லாச் நடத்துவது இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றமாயிற்று. ஆனாலும் அது நிற்கவில்லை. பொலிஸ் படகு வரமுடியாத புயல் நாட்களில் கூடினார்கள். நத்தார் பரிசு என்ற பெயரில் பொருட்களைப் பகிர்ந்தார்கள்.

1921 டிசெம்பரில் வில்லேஜ் தீவில் டான் கிரான்மர் என்பவர் பெரும் பொற்லாச் ஒன்றை நடத்தினார். செய்தி வெளியே கசிந்தது. 45 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. உரை நிகழ்த்தியது, நடனமாடியது, பரிசுப் பொருளைத் தூக்கிச் சென்றது என்பவை குற்றச்சாட்டுகள். முகமூடிகளையும் சடங்குப் பொருட்களையும் ஊர் முழுவதுமாக ஒப்படைத்தால் சிறை இல்லை என்று பேரம் பேசப்பட்டது. மறுத்தவர்கள் சிறை சென்றார்கள். ஒப்படைக்கப்பட்ட நூற்றுக்கணக்கான பொருட்கள் ஒட்டாவா, ரொறொன்ரோ அருங்காட்சியகங்களுக்குப் போயின. ஒரு பகுதியை நியூயோர்க் சேகரிப்பாளர் ஒருவர் விலைக்கு வாங்கினார்.

1951இல் அந்தத் தடைப்பிரிவு சட்டத்திலிருந்து சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. பொருட்கள் திரும்புவதற்கு மேலும் ஒரு தலைமுறை ஆனது. 1980இல் அலேர்ட் பே என்ற ஊரில் அவற்றுக்காக அந்த மக்கள் திறந்த பண்பாட்டு மையத்தின் பெயர் 'உமிஸ்ரா'. முற்காலத்தில் போரில் சிறைபிடிக்கப்பட்டவர் வீடு திரும்புவதைக் குறித்த சொல் அது. முகமூடிகளையும் காணாமற்போய்த் திரும்பிய பிள்ளைகளாகவே அவர்கள் எண்ணினார்கள்.

முதலில் துக்கம்

இந்தக் கதைகளில் ஒரு பொதுமை தெரிகிறது. அரசுகள் கோயிலைப் பூட்டின, மரத்தைத் தடுத்தன, முகமூடியைப் பறித்தன. ஆனால் பண்டிகை தங்கியிருந்த இடம் வேறு. பாட்டி செய்யும் பலகாரத்திலும், சுவருக்குள் தாழ்ந்த குரலில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டிலும் அது இருந்தது. அந்தப் பாட்டைக் கற்ற பிள்ளை இருந்த இடங்களில் எல்லாம் பண்டிகை திரும்பி வந்தது.

இன்னொன்றும் உண்டு. குவாக்குவாக்கியவாக் மக்களின் பொற்லாச் துக்கப் பாடல்களோடுதான் தொடங்கும். அந்த ஆண்டில் இழந்தவர்களுக்காக அழுது முடித்த பின்னரே நடனம். பண்டிகை என்றால் துக்கத்தை மறைத்துச் சிரிப்பது என்று அவர்கள் கருதவில்லை.

போரில் இழந்தவர்களும், 2004 டிசெம்பர் 26இன் கடல்கோளில் போனவர்களும், எங்கே என்று இன்றுவரை பதில் கிடைக்காதவர்களும் எமது வீடுகளில் உண்டு. பண்டிகை நாளில் அவர்களுக்கு ஒரு தட்டில் படைத்துவிட்டு, பிறகு பிள்ளைகளுக்குப் பரிமாறும் தாய்மார் பலர். "நல்ல நாளில் ஏன் அழுகிறாய்" என்று அவர்களைத் தடுக்க வேண்டாம். விழாவின் முதற் பகுதியை அவர்கள் சரியாகவே செய்கிறார்கள்.